கதவு திறந்ததும் கைதட்டினார்கள்

ஏப்ரல் 28

கர்த்தருக்குள் பிரியமான அக்கா அவர்களுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

அம்மாவை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகிறது. நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில் நான் ஒரு பக்கம் நின்றால் நீங்கள் மறுபக்கம் போய் நின்றீர்கள். மண் போடும்போதுகூட என் கை பட்ட மண்வெட்டியை வாங்காமல், குனிந்து வெறுங்கையால் அள்ளிப் போட்டீர்கள். அதைப் பலரும் கவனித்தார்கள்.

அன்று நடந்ததை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் சபையில் பஸ்கா விருந்து என்பது சாதாரணச் சாப்பாடு அல்ல, எகிப்தில் அடிமைகள் விடுதலையான இரவை நினைத்து நடத்துவது. முந்நூறு பேர் வருகிறார்கள். நான்கு கிண்ணம் திராட்சைச் சாறு. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு வாசிப்பு, ஒரு ஜெபம். மூப்பர் என்ற முறையில் அதை நடத்துகிறவன் நான். நடுவில் எழுந்து போக என்னால் முடியவில்லை. வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லையே. கடைசிக் கிண்ணம் முடியட்டும் என்றுதான் சொன்னேன். முடிந்ததும் வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்தேன். நான் வார்டுக்குள் நுழைந்தபோது அம்மா போய் இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.

அம்மாவின் தலைமாட்டுக்கு என் கடையிலிருந்து ஒரு வெள்ளைப் பளிங்கை எடுத்து வைத்திருக்கிறேன். நரம்புக் கோடு ஒன்றுகூட ஓடாத கல். ஓரங்களை உருட்டி மெருகு போட்டாயிற்று. என்ன வாசகம் பொறிக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் திரும்பி வந்த பிறகும் அம்மாவுக்குப் பேச்சு இருந்தது என்று நர்ஸ் சொன்னார். என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? கடைசியாக என்ன சொன்னார்கள்?

கிறிஸ்துவின் பணியில்,
தம்பி

*

மே 6

தம்பிக்கு,

எப்போதிலிருந்து நான் "அவர்கள்" ஆனேன்? எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாயோ என்று நினைத்துவிட்டேன்.

உன் கடிதத்தின் தலையில் உன் கடைப்பெயர் தங்க எழுத்தில் மினுக்குகிறது. நான் எழுதுவது ஆஸ்பத்திரிச் சலவைச் சீட்டின் பின்பக்கம். புரட்டிப் பார்த்தால், படுக்கை விரிப்பு நாற்பது, கறை போகாதவை பதினொன்று என்று இருக்கும். அது உனக்கு எழுதியது அல்ல.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். எழுதினால் படிப்பேன். ஆனால் பூசி மெழுகி எழுதாதே. நீ பூசியதைக் கொஞ்சம் சுரண்டிக் காட்டுகிறேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "வர வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்கம்மா" என்றார். உனக்குப் பதினொரு தடவை போன் செய்தேன். உங்கள் விருந்தில் எல்லோருடைய போனையும் வாசலில் ஒரு கூடையில் போட்டுவிடுவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எகிப்தில் போன் இல்லையாம், அதனால் உங்களுக்கும் அன்று கிடையாதாம். ஏசி மட்டும் எகிப்தில் இருந்திருக்கும் போலிருக்கிறது.

கூட வேலை செய்கிறவளை அம்மா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நனைந்த ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் இரண்டு பஸ் மாறி ஓடி வந்தேன். காவலாளி நல்ல மனுஷன். "இப்ப கதவைத் திறப்பாங்க, அப்ப உள்ள போயிடுங்கம்மா" என்றான். உள்ளே மைக்கில் உன் குரல் கேட்டது. பசியோடு இருக்கிறவர்கள் எல்லோரும் வந்து எங்களோடு சாப்பிடட்டும் என்று சொன்னாய். கதவு திறந்தது. வாசலில் நான் நின்றேன். முந்நூறு பேரும் கைதட்டினார்கள்.

நீங்கள் ஏற்பாடு செய்து வைத்த ஏழை என்று நினைத்துவிட்டார்கள். "எவ்ளோ தத்ரூபமா இருக்கு பாருங்க, கை கூட வெந்து போயிருக்கு" என்று ஒரு அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது. நீ மேடையிலிருந்து இறங்கி வந்தாய். தம்பி வருகிறான், இனி பயமில்லை என்று நினைத்தேன். உன் காதில், "அம்மாவுக்கு முடியலடா. உன்னைக் கேட்டுட்டே இருக்கா, வா" என்றேன். நீ என் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "வாங்கம்மா, உக்காருங்க" என்றாய். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி "கொஞ்சம் இரு அக்கா, கடைசிக் கிண்ணம் முடியட்டும்" என்றாய்.

கூடப் பிறந்தவளைப் பார்த்து வாங்கம்மா!

நானும் உட்கார்ந்தேனே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. முதல் வரிசையில், ஒரு தட்டுக் கறிக்கு முன்னால், பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது கிண்ணத்தில் நீ எகிப்தின் அடிமைகள் செங்கல் அறுத்த கதையைச் சொன்னாய். நன்றாகவே சொன்னாய், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பதினாறு வருஷம் சூளையில் செங்கல் சுமந்த ஒருத்தி அந்த நேரம் மூச்சுக்கு அடித்துக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. எழுந்து போய்விட்டேன்.

உன் கல் வேண்டாம். அம்மா தலையில் சுமந்த கல்லே போதும்.

அம்மா கடைசியாகச் சொன்னது என்னிடம் இருக்கிறது. உனக்குத் தர மாட்டேன். உன்னிடம் எல்லாம் இருக்கிறது, இது ஒன்று என்னிடம் இருக்கட்டும்.

அக்கா

*

மே 19

அக்கா,

கடை லெட்டர்பேடை எடுத்து வைத்துவிட்டேன், பார்த்தாயா? வெள்ளைத்தாளில்தான் எழுதுகிறேன்.

அவர்கள் கைதட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தில் நீ யார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னை முன்வரிசையில் உட்கார வைத்தது மரியாதைக்குத்தான். அம்மா இதற்கு முன்னும் இரண்டு தடவை ஆபத்தான நிலைக்குப் போய் மீண்டு வந்திருக்கிறாள். இந்தத் தடவையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

நீ என் ஏசியைக் கிண்டல் செய்கிறாய். பணம் வந்தது என் குற்றமா அக்கா? மெருகு போடும் மெஷினில் பத்து வருஷம் நின்றேன். தூசியில் இருமி இருமித்தான் இந்தக் கடை வந்தது. சபைத் தரை முழுவதும் நான் போட்ட கல், ஒரு காசு வாங்கவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை அறுபது பேருக்குச் சாப்பாடு போடுகிறோம், நானே பரிமாறுகிறேன். செல்வம் பாவம் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? பஸ்காவுக்குச் சில நாள் முன்னால் ஒரு பெண் வந்து ஆண்டவரின் தலையில் விலை மதிப்பான தைலத்தை ஊற்றினாள். இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவளை விடுங்கள் என்றார். ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள் என்று அவரே சொன்னார்.

நான் வாக்குவாதம் செய்ய எழுதவில்லை. தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மா என்னைச் சபித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதையாவது சொல்லு. என்ன சொன்னாள் என்று தெரியாமல் நான் தினம் ஒன்று கற்பனை செய்துகொள்கிறேன். ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசமாக இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 11

தம்பிக்கு,

உங்கள் சபைப் பத்திரிகை எங்கள் சலவைப் பிரிவு வரை வந்துவிட்டது. யாரோ ஒரு நோயாளியின் துணிமூட்டையில் கிடந்ததாம். இஸ்திரி போடுகிறவள் எடுத்துவந்து, "ஏய், இது நீதானே?" என்று கேட்டாள். முழுப் பக்கப் படம். நான் வாசலில் நிற்கிறேன், நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருகிறாய். கீழே, "வாசலில் வந்த ஏழைப் பெண்ணைச் சபை அணைத்துக்கொண்ட நெகிழ்ச்சியான தருணம்" என்று போட்டிருக்கிறது.

அச்சுக்குப் போகும் முன் நீதானே அதைப் படித்துப் பார்ப்பாய்? அன்றைக்கு வாய் வரவில்லை, சரி. ஆறு வாரம் கழித்து மேசையில் உட்கார்ந்து படித்தபோதும் வரவில்லையா?

தைலம் ஊற்றிய பெண்ணைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. அவர் இன்னும் கொஞ்ச நாளில் சாகப் போகிறார் என்பது அந்த விருந்தில் அவள் ஒருத்திக்குத்தான் உறைத்திருந்தது. அதனால்தான் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து ஊற்றினாள். விருந்தைக் கலைத்தவள் அவள். கலைக்க முடியாது என்றவன் நீ. ஏழைகள் எப்போதும் இருப்பார்கள், சரிதான். அம்மா இருக்கவில்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, உன்னிடம் சொல்லாமல் உன் சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அன்று நீ உன் வாழ்க்கையைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறாய். எனக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, உறவென்று ஒருவரும் இல்லை, தெருவில் கிடந்தவனைத் தேவன் தூக்கி நிறுத்தினார் என்று.

வீட்டுக்கு வந்தவளிடம் "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லா பேசுறான்டி. தடங்கலே இல்லாம பேசுறான். அந்தத் தரையில என் மொகமே தெரிஞ்சுது" என்றாள். நீ எங்களைச் சாகடித்த கதையை ஆறு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அதற்கும், "அவனுக்கு அங்க என்ன சங்கடமோ" என்று உனக்கே பரிந்து பேசினாள். அதன் பிறகும் நீ தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு நடந்து வருவாய், அவளும் ஒன்றும் தெரியாதவள் போல உன் தலையைத் தடவிவிடுவாள்.

அதே மைக்கில் போய்ச் சொல். அந்தப் படத்தில் இருப்பவள் என் அக்கா, அன்று செத்தவள் என் அம்மா என்று சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது.

அக்கா

*

செப்டம்பர் 3

அக்கா,

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுத எனக்கு முகம் இல்லை.

கடைசி வரிசை. எந்த ஞாயிறு என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. அம்மா உட்கார்ந்திருக்கிறாள், நான் அவள் இருக்கிற பக்கம் பார்த்துப் பேசியிருப்பேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முன்பு ஏழையாக இருந்தேன் என்றால் அங்கே மரியாதை உண்டு, கண் கலங்கிக் கேட்பார்கள். எனக்கு ஏழையாக ஒரு அக்கா இருக்கிறாள் என்றால், ஏன் இன்னும் அப்படியே இருக்கிறாள் என்று என்னைத் திருப்பிக் கேட்பார்கள். முதல் தடவை வாய் தவறித்தான் சொன்னேன். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். அதன் பிறகு மாற்ற முடியவில்லை.

இந்த மூன்று மாதத்தில் எனக்கு ஒரே ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. எனக்கு ஆறு வயது, உனக்குப் பத்து. வாடகை பாக்கி என்று வீட்டுக்காரர் சாமான்களைத் தூக்கி வெளியே போட இரண்டு ஆட்களோடு வந்தார். நாம் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு, இரண்டு பேருக்கும் ஒரே தட்டு. அம்மா போய் நிலைவாசலின் இரண்டு பக்கமும் கை வைத்து மறித்துக்கொண்டு நின்றாள். "பிள்ளைங்க சாப்பிடுதுங்க. சாப்பிடுறப்ப எழுப்பக் கூடாது. முடிச்சதும் நாங்களே போயிடுறோம். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள வரக் கூடாது" என்றாள். அவர் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. அம்மா அசையவில்லை. நீ என் காதில், "மெதுவா மெல்லுடா" என்றாய். அவ்வளவு மெதுவாக நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதே இல்லை.

பன்னிரண்டு வருஷமாக முந்நூறு பேருக்குப் பஸ்கா என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கிறேன். சாவு தெருவில் வருகிறது, வாசல் நிலையில் பூசிய ஆட்டு இரத்தத்தைப் பார்த்து உள்ளே நுழையாமல் கடந்து போகிறது, உள்ளே இருக்கிறவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று படம் காட்டிச் சொல்லுவேன். செங்கல் தூசியோடு அம்மாவின் இரண்டு கையும் அந்த நிலையில் இருந்ததை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை அக்கா.

நீ சொன்னதை இன்னும் செய்யவில்லை. இரண்டு ஞாயிறு மைக் வரை போனேன். ஒரு தடவை கட்டட நிதி அறிவிப்பைப் படித்துவிட்டு இறங்கினேன். இன்னொரு தடவை ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டேன்.

தம்பி

*

செப்டம்பர் 20

பாட்டா? உனக்குச் சுருதியே சேராது.

சொன்ன பிறகு எழுது என்றேன். நீ இன்னும் சொல்லவில்லை.

*

ஏப்ரல் 4

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று முன்தினம் இந்த வருஷத்து விருந்து. அதே மண்டபம், அதே கூடை நிறையப் போன்கள். இந்த வருஷம் வாசலில் நிற்க நிஜமாகவே ஒரு ஆளை ஏற்பாடு செய்திருந்தார்கள், போன வருஷம் அது எல்லோர் மனதையும் தொட்டதாம். கிழிந்தது போல ஒரு சட்டையைத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். நான் அந்த ஆளிடம், "நீங்க போய் முதல்ல சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டேன். பசியோடு இருக்கிறவர்கள் வரட்டும் என்று சொன்னேன், கதவு திறந்தது, வாசலில் யாரும் இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது சொன்னேன். போன வருஷம் இங்கே நின்றது என் அக்கா. என் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கூப்பிட வந்தாள். நீங்கள் கைதட்டினீர்கள், நான் தட்ட விட்டேன். அவளைத் தெரியாதவளைப் போல உட்கார வைத்தேன். எனக்கு அம்மா இருந்தாள், சூளையில் செங்கல் சுமந்தாள், இந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் அநாதை என்று சொன்னதைக் கேட்டாள். இவ்வளவுதான் சொன்னேன். அழாமல் சொன்னேன். அழுதால் அதையும் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தேன்.

அப்படியும் ஒருவர் கைதட்டினார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்தார்.

போதகர் மைக்கை வாங்கி, சகோதரருக்காக ஜெபிப்போம் என்றார். பிறகு நிகழ்ச்சி நடந்தது, வேறொருவர் நடத்தினார். யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னோடு பேசவும் இல்லை. மூப்பர் பொறுப்பிலிருந்து ஓய்வு எடுத்துக்கொள்ளும்படி இன்று கடிதம் வந்தது. மரியாதையான கடிதம், தங்க எழுத்துத் தலைப்போடு.

நான் ஒரு கிண்ணம்கூடத் தொடாமல் வெளியே வந்து, கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவின் மண்மேட்டில் புல் வந்திருக்கிறது. யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் நீ எழுந்து போனபோது நானும் எழுந்து வந்திருந்தால் எனக்கு என்ன போயிருக்கும் என்று அங்கே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு கிண்ணம் சாறு போயிருக்கும்.

அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று இனி கேட்க மாட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. அது உன்னிடமே இருக்கட்டும்.

தம்பி

*

ஏப்ரல் 9

டேய் தம்பி,

உன் கடிதத்தைக் கொதிகலன் பக்கத்தில் நின்று படித்தேன். நல்லவேளை, அங்கே எல்லோருக்கும் எப்போதும் முகம் ஈரமாகத்தான் இருக்கும்.

போன வருஷம் அந்த முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னது ஒன்று என் காதில் நின்றுவிட்டது. அந்த ஆட்டுக்கறியைக் காலை வரைக்கும் மீதி வைக்கக் கூடாது என்றாய். இருப்பதை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், வீட்டில் ஆள் குறைவு என்றால் பக்கத்து வீட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்றாய். நான் ஒரு வருஷம் மீதி வைத்திருந்தேன் தம்பி. பூட்டி வைத்து, உனக்கு இல்லை உனக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பணக்காரர்களைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. அம்மா விட்டுப்போன ஒரே சொத்தை நான்தான் அமுக்கி வைத்திருந்தேன்.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடி வந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. கண்ணைத் திறந்து எனக்குப் பின்னால் பார்த்தாள். "அவன் வரலையா?" என்றாள்.

எனக்கு அவ்வளவு கோபம். வந்துக்கிட்டே இருக்கான்மா என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சாப்பிட்டுட்டு இருக்கான்மா. பாதியில எழுந்து வர முடியாதாம்" என்றேன். அவளுக்கும் சுருக்கென்று தைக்க வேண்டும், சாகும்போதாவது உன்மேல் அவளுக்கு ஒரு கோபம் வர வேண்டும் என்றே சொன்னேன். சாகக் கிடக்கிற அம்மாவிடம் அப்படிச் சொன்னேன். உன் கணக்கில் உன் பாவம், என் கணக்கில் இது.

அம்மா இரண்டு கையையும் தூக்கினாள். ஊசி குத்தியிருந்த கையையும் சேர்த்துத் தூக்கினாள். கட்டிலின் இரண்டு பக்கத்துக் கம்பியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வார்டு வாசலையே பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சாப்பிடட்டும்டி. பாதியில எழுப்பாதே. நான் நிக்கிறேன்."

அவ்வளவுதான் அவள் பேசியது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, நினைவு தப்பிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். கம்பியிலிருந்து கையை எடுக்கப் பார்த்தேன், விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

செப்டம்பரில் உன் கடிதத்தில் அந்த நிலைவாசலைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. யாரை மறித்துக்கொண்டு நின்றாள் என்று புரிந்தது. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை. உன் அக்கா யார் என்று சொல்ல நீ நாள் எடுத்துக்கொண்டது போல, நானும் ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மதியம் இரண்டு மணிக்கு வேலை முடியும். வீட்டுக்கு வா. காரைத் தெருமுனையில் நிறுத்தாதே, வாசலில் கொண்டுவந்து நிறுத்து. சாப்பிடாமல் வா.

உன்னோடு பேசுவேனா என்று தெரியாது. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, தீரும் என்றும் சொல்ல மாட்டேன். சாப்பாடு போடுவேன். நீ மெதுவாகச் சாப்பிடு. முடிக்கும் வரைக்கும் நான் வாசலில் நிற்கிறேன்.

அக்கா